கூட்டமில்லாத கடற்கரை எது?

கோடை விடுமுறை தொடங்குவதற்கு முந்திய நாள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், ஆய்வுக்கூடக் கருவிகளை ஒப்படைத்துவிட்டுத் தயங்கி நின்றார். “சார், வீட்டில் எல்லாரும் கடற்கரைக்குப் போகலாம் என்கிறார்கள். மெரீனாவில் கால் வைக்க இடமில்லை. கன்னியாகுமரியிலும் அப்படித்தான். கூட்டமே இல்லாத நல்ல கடற்கரையாக ஒன்று சொல்லுங்களேன்” என்றார்.

ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு என் இருபத்திரண்டாம் வயது நினைவுக்கு வந்துவிட்டது. எம்.எஸ்ஸி. இறுதியாண்டு படித்தபோது, நண்பர்கள் நால்வர் சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலை வழியாகப் போய், ஆளரவமற்ற ஒரு கரையில் இறங்கினோம். கரை நெடுக அலைகள் நுரை கக்கி உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும், ஏறத்தாழ இருபது மீட்டர் அகலத்துக்கு, அலையே இல்லை. குளிப்பதற்கு அதுவே ஏற்ற இடம் என்று முடிவு செய்து சட்டைகளைக் கழற்றினோம்.

சற்றுத் தொலைவில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். “தம்பிகளா, அங்க இறங்காதீங்க. அது ஆளை வெளியே கொண்டுபோற இடம்” என்றார்.

“அங்கே அலையே இல்லையே, பெரியவரே?”

“அதனாலதான் சொல்றேன்” என்றவர், கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து அந்த அமைதியான நீரில் எறிந்தார். மட்டை கரைக்குத் திரும்பவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அலைகள் உடையும் வரிசையையும் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. அலைச் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதத் தெரிந்த நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரு கடற்கரையில் கூட்டம் இல்லையென்றால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். அந்த இடம் மக்களுக்குத் தெரியாமலோ எட்டாமலோ இருக்கலாம். அல்லது, அந்தக் கடலின் குணம் அறிந்து உள்ளூர் மக்கள் விலகி நிற்கலாம். வெளியூரிலிருந்து போகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய இயற்பியல் ஓரளவு துணை செய்யும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

கூட்டம் எங்கே சேர்கிறது?

தமிழகத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. ஆனால் விடுமுறை நாளில் மக்கள் கூடுவதோ அதில் மிகச் சிறு பகுதியில்தான். பேருந்து நிற்குமிடம், கோயில் வாயில், கடைத்தெரு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு நேரெதிரே உள்ள மணலில்தான் கூட்டம் சேர்கிறது. விளக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஒளி குறைவது போல, அந்த வாயிலிலிருந்து விலக விலகக் கூட்டமும் விரைவாகக் குறையும். மணலில் கால் புதைய அரைக் கிலோமீட்டர் நடக்க எல்லாரும் விரும்புவதில்லை.

இடத்தைப் போலவே காலத்துக்கும் இதில் பங்குண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சென்னை போன்ற ஊர்களில் கோடை நாளின் நண்பகலையொட்டி இக்கடற்காற்று வீசத் தொடங்கும். மாலையில் மக்கள் கடற்கரையை நாடுவது இதற்காகவே. ஆனால் அதே காற்று நீர்ப்பரப்பையும் உழுது சிற்றலைகளை எழுப்புகிறது. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அப்போது கரையோர நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், கூட்டமும் இராது. வார நாள் ஒன்றின் காலைப் பொழுதில், பெயர்பெற்ற கடற்கரைகூடக் கூட்டமில்லாத கடற்கரைதான். புது ஊர் தேடுமுன் இந்த எளிய வழியை எண்ணிப் பார்க்கலாம்.

அலை சொல்லும் செய்தி

புது ஊருக்கே போவதென்று முடிவு செய்தால், முதலில் படிக்க வேண்டியது அலையை. ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர் அதனுடன் பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு நீர்த்துளியும் இருந்த இடத்திலேயே ஏறத்தாழ வட்டமாகச் சுழன்றுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது. முன்னேறிச் செல்வது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றல் அலை உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதாவது, அரை மீட்டர் அலையைவிட ஒரு மீட்டர் அலை இருமடங்கு அன்று, நான்கு மடங்கு ஆற்றல் கொண்டது. கரைக்கு அருகே ஆழம் குறையும்போது அலை நிமிர்ந்து உடைகிறது. அப்போதுதான் நீரே முன்னோக்கிப் பாய்கிறது.

கைக்கடிகாரம் ஒன்றிருந்தால் போதும், அலையின் குணத்தை அளந்துவிடலாம். மிதக்கும் ஒரு பொருளை அடுத்தடுத்து இரண்டு முகடுகள் கடக்க ஆகும் நேரமே அலைவு நேரம். பதினோரு முகடுகள் கடக்கும் நேரத்தைக் குறித்துப் பத்தால் வகுத்தால் பிழை குறையும். இந்த நேரத்தை விநாடியில் எடுத்து, அதன் இருமடியை 1.56ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். எட்டு விநாடி அலைக்கு நீளம் 100 மீட்டர்; அதன் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். நான்கு விநாடி அலைக்கோ நீளம் 25 மீட்டர்தான். குறுகிய அலைவு நேரம் அண்மையில் வீசும் காற்றின் அடையாளம். பன்னிரண்டு விநாடிக்கு மேற்பட்டால், அந்த அலை நெடுந்தொலைவிலிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. ஒலியியலில் விம்மல்களைப் படித்திருப்பீர்கள். அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகள் ஒருங்கே ஒலித்தால் ஓசை பெருகியும் தேய்ந்தும் கேட்கும். கடலிலும் அவ்வாறே. 10 விநாடி அலையும் 11 விநாடி அலையும் சேர்ந்து வந்தால், 110 விநாடிக்கு ஒரு முறை அவை ஒன்றை ஒன்று வலுப்படுத்தும். கடலில் இரண்டு மட்டுமன்றிப் பல அலைத்தொடர்கள் கலந்து வருவதால், பெரிய அலைகளின் கூட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒழுங்கின்றித் தோன்றும். வந்தவுடன் கடல் அடங்கிக் காணப்படுவது இரண்டு கூட்டங்களுக்கு இடைப்பட்ட அமைதியாக இருக்கலாம். ஆகவே கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பின்னரே கடலைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

மணலும் சரிவும்

அடுத்து, காலுக்குக் கீழே உள்ள மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு போல் நுண்ணியதாக இருந்தால் கரை பெரும்பாலும் மெல்லச் சரியும். பருமணலாக இருந்தால் செங்குத்தாக இறங்கும். இதற்குக் காரணம் எளியது. பருமணலின் இடைவெளிகளில் அலைநீர் உறிஞ்சப்பட்டுவிடுவதால், திரும்பி ஓடும் நீர் வலுவிழக்கிறது. அலை கொண்டுவந்த மணல் கரையிலேயே தங்கி மேடாகிறது. நுண்மணலில் நீர் எளிதில் இறங்காது. மேலோடு திரும்பி ஓடி, மணலையும் வாரிக்கொண்டு போய்க் கரையைத் தட்டையாக்குகிறது.

தட்டையான கரையில் அலை தொலைவிலேயே உடைந்து, ஆற்றலைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, நுரையாக வந்து சேரும். செங்குத்தான கரையிலோ, அது முழு ஆற்றலுடன் வந்து காலடியில் குப்புற விழும். அப்படிப்பட்ட கரையில் இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, மூன்றாம் எட்டில் கழுத்தளவு என்று ஆழம் மாறிவிடும். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது ஏற்ற இடம் அன்று.

உடையும் அலையைக் கொண்டு ஆழத்தையும் மதிப்பிடலாம். நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. ஒரு மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டர் என்று கொள்ளலாம். நீருக்குள் இறங்காமலே கிடைக்கும் ஆழ வரைபடம் இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, என் நண்பர்களுடன் நான் பார்த்த அந்த அலையில்லா இடைவெளிக்கு வருவோம்.

அமைதியாகத் தோன்றும் வாய்க்கால்

இருபுறமும் ஒரு மீட்டர் அலைகள் உடைகின்றன, நடுவில் உடையவில்லை. அப்படியானால் நடுவில் ஆழம் 1.3 மீட்டருக்கும் அதிகம் என்பது பொருள். கரைக்கு இணையாக நீருக்கடியில் கிடக்கும் மணல் திட்டில் அது ஒரு வெட்டு. அந்த வெட்டு வாய்க்காலாகச் செயல்படுகிறது.

திட்டின் மேல் உடையும் ஒவ்வோர் அலையும் கரைப்பக்கம் நீரைத் தள்ளுகிறது. அவ்வாறு சேரும் நீர், கரையோரத்தில் கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் உயர்த்துகிறது. உயர்ந்த நீர் எங்காவது வழிந்தாக வேண்டும். எதிரே அலைகள் வந்துகொண்டிருப்பதால் திட்டின் மேலாகத் திரும்புவது கடினம். எனவே அது கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, வெட்டைக் கண்டதும் கடலை நோக்கிப் பாய்கிறது. இதனை இழுப்பு நீரோட்டம் என்று அழைப்போம். இதன் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். அலைகள் பெரிதானால் 2 மீட்டரையும் தாண்டும். நூறு மீட்டர் நீச்சலில் உலகின் தலைசிறந்த வீரர்களின் வேகமே விநாடிக்கு 2 மீட்டரைச் சற்றே கடக்கிறது. நம்மைப் போன்றோர் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர்வது இயலாத செயல்.

இவ்வோட்டத்தை மேட்டில் நின்று பார்த்தால் அடையாளம் காணலாம். நுரை வரிசையில் இடைவெளி, சூழ உள்ள நீரைவிடக் கருத்த நிறம், கடலுக்குள் நீண்டு செல்லும் கலங்கல் மணல், வெளியே மிதந்து செல்லும் நுரையும் குப்பையும் ஆகியவை அதன் குறிகள். ஆற்று முகத்துவாரம், கருங்கல் தடுப்புச் சுவர், பாலத்தூண் ஆகியவற்றின் அருகே இத்தகைய ஓட்டங்கள் எளிதில் தோன்றும். ஐயம் இருந்தால் தேங்காய் மட்டைச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? இந்த ஓட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுசெல்லும். அலை உடையும் வரிசைக்கு அப்பால் அது பரவி வலுவிழந்துவிடும். அதன் அகலமும் பெரும்பாலும் பத்து முதல் முப்பது மீட்டர்தான். ஆகவே கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியேறி, பிறகு அலைகள் உடையும் பகுதி வழியாகக் கரை சேர வேண்டும். நீந்த வலுவில்லையெனில் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஓட்டமன்று; அதை எதிர்த்துப் போராடி வரும் களைப்பும் அச்சமுமே.

காலடியில் ஒரு கணக்கு

“நான் நீந்தவே போவதில்லை, இடுப்பளவு நீரில் நிற்கத்தான் போகிறேன்” என்பவர் பலர். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்கிறார். மிதப்பு விசையால் அவர் பாதங்கள் மணலை அழுத்தும் எடை ஏறத்தாழ பாதியாக, 30 கிலோகிராம் அளவாகக் குறைகிறது. மணலின் உராய்வு அதில் பாதி எனக் கொண்டால், அவரை நிலைநிறுத்தும் விசை 15 கிலோகிராம் எடைக்குச் சமம், அதாவது ஏறத்தாழ 150 நியூட்டன். எதிர்ப்புறம், ஓடும் நீரின் தள்ளு விசை நீரின் அடர்த்தி, நீருக்குள் இருக்கும் உடற்பரப்பு, வேகத்தின் இருமடி ஆகியவற்றைப் பொறுத்தது. உடற்பரப்பை 0.3 சதுர மீட்டராகக் கொண்டால், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளு விசையும் ஏறத்தாழ 150 நியூட்டன் ஆகிறது. அதாவது நீர் நடைவேகத்தில் ஓடினாலே அவரால் நிற்க முடியாது.

இதே கணக்கை முழங்கால் ஆழத்துக்குப் போட்டால், அவரைச் சாய்க்க விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் வேண்டும். மார்பளவு ஆழத்திலோ 0.7 மீட்டரே போதும். காலடி மணலை அலை அரித்துச் செல்லும்போது உராய்வு இன்னும் குறையும். இவை தோராய மதிப்புகளே. ஆயினும் பொருள் தெளிவு. முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட அந்த ஆழத்தில்தான் கடல் தன் பிடியை மும்மடங்காக இறுக்குகிறது. நீந்தத் தெரியாதவர் முழங்கால் அளவோடு நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் அச்சத்தால் அன்று.

வெயில் நாளில் வரும் கள்ளன்

வானம் தெளிவு, காற்றும் இல்லை. எனவே கடல் பாதுகாப்பானது என்று எண்ணுவது இன்னொரு பிழை. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் ‘கள்ளக்கடல்’ என்னும் சொல் வழங்குகிறது. கள்ளனைப் போல் முன்னறிவிப்பின்றிப் பொங்கி வரும் கடல் என்பது அதன் பொருள். மீனவர் வழக்கான இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றது.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாற்பது பாகைக்கும் அப்பால், பெரும்புயல்கள் வீசுகின்றன. அங்கே பிறக்கும் அலைகளில் நீண்ட அலைவு நேரம் உடையவை மட்டும் ஆற்றலை அதிகம் இழக்காமல் நெடுந்தூரம் பயணம் செய்யும். 18 விநாடி அலைக்கூட்டம் ஒன்றின் ஆற்றல் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் நகர்கிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து குமரிக் கரைக்கு வந்து சேர நான்கைந்து நாள் ஆகும். புயல் ஓய்ந்துபோயிருக்கும். இங்கே வெயில் காயும். ஆழ்கடலில் ஐந்நூறு மீட்டர் நீளமுள்ள அந்த அலை அங்கே கண்ணுக்கே புலப்படாது. ஆழங்குறைந்த கரையை நெருங்கும்போதுதான் நிமிர்ந்து எழும்.

2024ஆம் ஆண்டு மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. கன்னியாகுமரியின் நெரிசலுக்கு அப்பால், அழகும் தனிமையும் தேடிப் பலர் செல்லும் கரை அது. படித்த இளைஞர்களின் அந்த முடிவை எண்ணும்போதெல்லாம் தேங்காய் மட்டையை எறிந்த முதியவர் என் நினைவுக்கு வருவார். எங்களுக்கு ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

நான்கைந்து நாள் பயணம் என்பதால் இந்த அலையின் வரவை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படுமுன் பேருந்து நேரத்தைப் பார்ப்பது போல் இதனையும் பார்க்க வேண்டும்.

எந்தக் கரை, எந்த மாதம்?

இனி நம் வரைபடத்தை விரிப்போம். சென்னை முதல் கோடியக்கரை வரையிலான கரை, திறந்த வங்காள விரிகுடாவை நோக்கியது. அலைகளைத் தடுக்க எதிரே நிலம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே கடல் கொந்தளிக்கும், புயல்களும் அப்போதுதான். தரங்கம்பாடி போன்ற ஊர்களில் கூட்டம் குறைவு. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும் கடலரிப்பால் பெரும்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் பார்க்கத் தக்கவை. கோயிலை விழுங்கிய கடலில் குளிக்கத் துணிவதற்கு முன் ஒரு கணம் நின்று எண்ண வேண்டும்.

கோடியக்கரைக்குத் தெற்கே இராமேசுவரம் வரை உள்ளது பாக் விரிகுடா. இலங்கைத் தீவு மதில் போல் நின்று பேரலைகளைத் தடுக்கிறது. பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. காற்று தடையின்றி ஓட நீண்ட நீர்ப்பரப்பு இல்லாததால் பெரிய அலைகள் வளர வாய்ப்பில்லை. இராமேசுவரத்து மீனவர்கள் இதனைப் ‘பெண்கடல்’ என்றும், தெற்கிலுள்ள மன்னார் வளைகுடாவை ‘ஆண்கடல்’ என்றும் அழைப்பது வழக்கம். உச்சிப்புளி அருகேயுள்ள அரியமான் கடற்கரை இந்த விரிகுடாவைச் சேர்ந்தது. சவுக்குத் தோப்பின் நிழலும் ஏரி போன்ற நீரும் அங்கு உண்டு. ஆனால் பெண்கடலும் சினக்கும் காலம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் விரிகுடா கலங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவும் குமரிக் கரையும் சீறும். ஒன்று சீறும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பதை நினைவில் கொண்டால் மாதத்துக்கேற்ற கரையைத் தேர்ந்துகொள்ளலாம்.

எல்லா அமைதிக் கரையும் குளிப்பதற்கு ஏற்றதன்று. தஞ்சை மாவட்டத்தின் மனோரா அருகே கடல் அடங்கியதுதான். எனினும் அலை வலுவில்லாததால் அங்கே மணலைவிடச் சேறே மிகுதி. கோட்டையைக் கண்டு, கரையோரம் அமர்ந்து வருவதற்கு அது நல்ல இடம். இரு கடல்களும் சந்திக்கும் தனுஷ்கோடி முனையில் நீரோட்டம் கடுமையானது. 1964 டிசம்பரில் புயலில் அழிந்த அந்த ஊரைக் கரையில் நின்று காண்பதே முறை. மணப்பாடு போல் நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் இடங்களில் முனையின் ஒருபுறம் அலைகள் குவியும். மறுபுறத்து வளைவில் பரவி வலுவிழக்கும். கண்ணாடி வில்லை ஒளிக்குச் செய்வதைக் கடலடிச் சரிவு அலைக்குச் செய்கிறது. வளைவுக்குள் குளிக்கலாமா என்பதை அவ்வூரார் சொல்வர்.

காவலர் இருக்கும் கரையும் வேண்டும், நெரிசலும் வேண்டாம் என்பவர்க்கு இடைவழி ஒன்றுண்டு. உயிர்காப்பாளர்கள், தூய்மை முதலியவற்றுக்காக வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றைச் செங்கல்பட்டு மாவட்டக் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021இல் பெற்றன. இத்தகைய கரைகளுக்கு வார நாளில், காவலர் பணியிலிருக்கும் நேரத்தில் செல்வது அறிவுடைமை.

போகுமுன்னும் போனபின்னும்

சொன்னவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். புறப்படுமுன் மாதத்தையும் காற்றின் திசையையும் கடல் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். கரை சேர்ந்ததும் முதலில் உள்ளூர் மீனவரிடம், “இங்கே உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குளிப்பார்களா?” என்று கேட்க வேண்டும். இதைவிடச் சிறந்த கேள்வி இல்லை. பின்னர் கால்மணி நேரம் உட்கார்ந்து அலையை எண்ணி, மணலைத் தொட்டு, நுரை வரிசையில் இடைவெளி உண்டா என்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு இறங்குவதோ, இருட்டில் இறங்குவதோ, தனியே இறங்குவதோ கூடாது.

மூடியுள்ள காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றையும் நீண்ட கயிற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆகவே தலையை மட்டும் நீருக்கு மேலே தாங்க நான்கைந்து கிலோகிராம் விசை போதும். ஐந்து லிட்டர் காலிக் கேன் அதனைத் தரும் என்பது ஆர்க்கிமிடீசின் தத்துவம். ஒருவர் தத்தளித்தால் இதனை எறிய வேண்டுமே தவிர, பின்னோடு குதிக்கக் கூடாது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், 1930 டிசம்பரில் பிறரைக் காப்பாற்ற முயன்று மூழ்கிய ஷ்மிட் என்பவருக்காக எழுப்பப்பட்டது. அவருடைய துணிவை வணங்குவோம். அதே வேளையில், ஆளற்ற கரையில் இரண்டாவதாக இறங்குபவரைக் காக்க மூன்றாமவர் இருக்கமாட்டார் என்பதையும் நினைப்போம்.

மாணவருக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. வரைபடத்தில் பாக் விரிகுடாவைக் காட்டி, கடிகாரத்தையும் தேங்காய் மட்டையையும் பற்றிச் சொல்லி அனுப்பினேன். கல்லூரி திறந்ததும் வந்தார்.

“கூட்டமே இல்லை சார். நீங்கள் சொன்ன மாதிரி கால்மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்தேன். பாட்டிதான், ‘கடலுக்கு வந்து கடிகாரம் பார்க்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்’ என்று சிரித்தார்கள்.”

“அலைவு நேரம் எவ்வளவு?”

“நான்கு விநாடி சார். தங்கை எறிந்த மட்டை கரைக்கே திரும்பி வந்தது. அதன் பிறகுதான் இறங்கினோம். முழங்கால் வரைக்கும்.”